தொட்டியில் விடக்கூடாத மீன்கள்: ஆறு வருடம் பட்ட பாடு

கடல் மீன் தொட்டி வைத்து ஆறு வருடம் ஆகிறது. நாலடித் தொட்டி, சுமார் 250 லிட்டர். சோவாந்தஸ், மஷ்ரூம், லெதர் என்று சாஃப்ட் கோரல் (கல் எலும்புக்கூடு இல்லாத மென்மையான பவளம்) மட்டும்தான் (கல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, யார் ஆசை காட்டினாலும் அந்தப் பக்கம் போக வேண்டாம்). லயன்ஃபிஷ், ட்ரிகர் போன்ற மீன்கள் ரீஃப் தொட்டிக்கு (பவளம் வளர்க்கும் தொட்டி) ஆகாது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் அவற்றை வாங்கி யாரும் மாட்டிக்கொள்வதில்லை. என் கழுத்தை அறுத்தது கடையிலேயே விலை குறைவாக இருந்த டொமினோ டாம்செல் என்ற சின்ன மீன்.

புதுத் தொட்டியில் மீன் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா வளர அம்மோனியா வேண்டும், டாம்செல் எதையும் தாங்கும், முதலில் அதை விடுங்கள் என்றார் கடைக்காரர். கட்டைவிரல் நகம் அளவு, கறுப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி, பார்க்க அவ்வளவு அழகு! ஒரு வருடத்தில் புள்ளிகள் மங்கின, உடம்பும் குணமும் பெருத்தன. இது 14 செ.மீ. வரை வளரும் என்பதையே பிறகுதான் படித்தேன். அதற்குப் பின் எந்த மீனை விட்டாலும் மூலையில் ஒடுக்கி, துடுப்பைக் கிழித்து, சாப்பிடவே விடாது. கோபி மீன் ஒன்று பயத்தில் வெளியே குதித்தே செத்தது.

சரி, பிடித்துவிடலாம் என்றால் அங்கேதான் கூத்து. வலை தண்ணீரைத் தொட்டதுமே பாறைக்குள் போய்விடும். பாட்டிலின் கழுத்தை வெட்டித் திருப்பிச் செருகி இறால் துண்டு வைத்தேன், அதில் க்ளௌன் மீன்தான் மாட்டியது, அதுவும் இரண்டு தடவை. கடைசியில், இரவு தினமும் ஒரே பொந்தில்தான் தூங்குகிறது என்று கவனித்து, விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பாறையோடு தூக்கி வாளியில் போட்டேன். இன்று தொடங்குபவர்கள் மீனே விடாமல், ஒரு இறால் துண்டை அழுக விட்டாலே அம்மோனியா வந்துவிடும்.

மாண்டரின் மீன் வேறு கதை. அது யாரையும் தொந்தரவு செய்யாது, நாம்தான் அதைக் கொல்கிறோம். நாள் முழுக்க பாறையில் கோபிபாட் என்ற நுண்ணிய உயிரிகளைத் தேடிக் கொத்தும் மீன், பெல்லட்டை (உருண்டைத் தீவனம்) திரும்பிக்கூடப் பார்க்காது. ஆறு மாதமே ஆன தொட்டியில் விட்டேன், இரண்டு மாதத்தில் வயிறு ஒட்டிப் போய்விட்டது. எய்ப்டேசியாவை (தொட்டியில் களைபோல் பரவும் கடல் அனிமோன்) தின்னும் என்று வாங்கிய காப்பர்பேண்ட் மீனும் கிட்டத்தட்ட அப்படித்தான், எய்ப்டேசியாவை விட்டுவிட்டு விசிறிப் புழுக்களைத்தான் முதலில் காலி செய்தது. சிக்ஸ்லைன் ராஸ் மீனைக் கடைசியாக விட்டால் பரவாயில்லை, முதலில் விட்டால் இன்னொரு டொமினோ.

டொமினோ இப்போது நண்பர் வீட்டில் தனித்தொட்டியில் இருக்கிறது. போன மாதம் பார்க்கப் போனேன், கண்ணாடியில் வைத்த என் விரலைக் கொத்த வந்தது.