ஸ்க்லீரோடெர்மா: நாலு வருட மாத்திரை அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மார்கழியில் காலையில் பால் பாக்கெட்டைத் தொட்டாலே விரல் நுனி சுண்ணாம்பாக வெளுத்து, அப்புறம் நீலம் பாய்ந்து, அடுப்புப் பக்கம் வந்ததும் சிவந்து சுரீரென்று எரியும். ரத்தம் கம்மி என்றார்கள். ஒரு கிளினிக்கில் மூட்டுவலி என்று ஸ்டீராய்டை அள்ளிக் கொடுத்தார்கள். மோதிரத்தை வெட்டி எடுக்கும் அளவுக்குத் தோல் இறுகிய பிறகுதான் கோவையில் வாத நோய் டாக்டரைப் பார்த்தோம்.

இது ஸ்க்லீரோடெர்மா, தோலும் சில உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய் என்றார் அவர். முதலில் குறைத்தது அந்த ஸ்டீராய்டைத்தான். இந்த நோயில் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு தினம் 15 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரகம் திடீரென்று கெட்டுப்போகும் ஆபத்து கூடுமாம், பிபி எகிறுவது அதற்கு அடையாளம். அன்றிலிருந்து வீட்டில் பிபி மெஷின் இருக்கிறது.

விரல் வெளுப்பதற்கு நிஃபெடிபின், ரத்தக் குழாயை விரிக்கும் மாத்திரை. பத்தே நாளில் வித்தியாசம் தெரிந்தது, ஆனால் தலைவலியும் கணுக்கால் வீக்கமும் வந்தன. கட்டிங் வேஸ்ட் துணியில் நானே இரட்டை மடிப்பாகக் கையுறை தைத்துக்கொண்டேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கட்டாயம் போட்டுக்கொள்வேன்.

தோலுக்கு மைக்கோபினோலேட், நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை, தினம் 2 கிராம். இங்கேதான் நான் தப்புச் செய்தேன். நாலு மாதமாகியும் கை அப்படியே இருக்க, ஒறம்பரை ஒருவர் சொன்ன எண்ணெயை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டேன். மூன்று மாதத்தில் வாய் திறப்பதே குறைந்து, பெரிய கவளம் உள்ளே போகவில்லை. திரும்ப ஆரம்பித்து ஒரு வருடம் கழித்துத்தான் தோல் இளகியது. டாக்டர் 17 இடங்களில் தோலைக் கிள்ளி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார், கூடுதலாக இருந்தால் இறுக்கமும் கூடுதல். எனக்கு மொத்தம் 22 இருந்தது 13 ஆனது. தயவுசெய்து ஆறு மாதத்துக்குள் முடிவு கட்டாதீர்கள். ரத்த அணு எண்ணிக்கை பார்க்கும் டெஸ்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாகத் திட்டமிடும் பெண்கள் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கருவுக்கு இது ஆகாது.

எனக்கு இருமலே இல்லை, ஆனாலும் சிடி ஸ்கேனில் நுரையீரல் அடிப்பக்கம் தழும்பு தெரிந்தது. அதற்கும் இதே மாத்திரைதான், மோசமானால் நுரையீரல் தழும்பு பரவுவதை மெதுவாக்கும் நின்டெடானிப் என்ற மருந்தைச் சேர்க்கலாம் என்றார் டாக்டர். வருடா வருடம் நுரையீரலுக்கு ஊதிப் பார்க்கும் டெஸ்ட்டும் இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் எடுக்கிறேன்.

இப்போது சோற்றைப் பிசைந்து சாப்பிட முடிகிறது. ஜாக்கெட் கொக்கி மாட்ட மட்டும் இன்னும் மகள்தான் வர வேண்டும்.