மடிக்கும் கைபேசியும் யாழ்ப்பாணத்துப் புழுதியும்

சென்ற சோளகக் காலத்தில் ஒரு நாள், ஸ்ரான்லி வீதியிலுள்ள ஒரு திருத்தும் கடையின் கண்ணாடி மேசையில் என் மடிக்கும் கைபேசியை விரித்து வைத்தேன். உள்திரையின் நடுவில், மடிப்பு விழும் கோட்டின் மேல், பாதுகாப்புப் படலம் அப்பளம் பொங்கியதுபோல் எழும்பியிருந்தது. அதனை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்த இளைஞர் தொடாமலே திருப்பித் தந்தார். "அண்ணை, இதிலை நான் கை வைக்கமாட்டன். பிலிமை உரிச்சால் உள் ஸ்கிரீனும் சேர்ந்து போயிடும். கொழும்புக்குத்தான் அனுப்பவேணும்" என்றார். வேறு எந்தக் கைபேசியையும் பத்து நிமிடத்தில் பிரித்துக் காட்டக்கூடிய கைகள் அவருடையவை. அவரே விலகிக்கொண்டதைப் பார்த்தபோதுதான், இந்தக் கருவியை வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒழுங்காக எழுதிப் பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நான் நொத்தாரிசுத் தொழில் செய்பவன். கைபேசி எனக்குப் பாட்டுப் பெட்டியன்று, படிக்கும் மேசை. ரொறன்ரோவிலிருந்து வந்த மைத்துனர் தாம் பாவித்த கருவியைத் தந்துவிட்டுப் போனார். புத்தகம்போல் நெடுக்குவாட்டில் திறக்கும் வகை, 2022 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. அதனைப் பதினான்கு மாதங்கள் அன்றாடம் பாவித்தேன். காசு கொடுத்து வாங்காததனால் அதன்மேல் எனக்குக் கோபமும் குறைவு, பற்றும் குறைவு.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது உண்மையான சிறப்பு. காணி விற்பனைக்கு வருபவர்கள் இப்போது பழைய உறுதிகளையும் நில அளவைப் படங்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று கேட்கிறார்கள். அளவைப் படம் ஒன்றைச் சாதாரணக் கைபேசியில் பார்ப்பது, சாவித் துவாரத்தின் வழியே வளவைப் பார்ப்பது போன்றது. கிழக்கு எல்லையைப் பெரிதாக்கினால் மேற்கு எல்லை ஓடிவிடும்; கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எந்தத் துண்டுக்குரியவை என்பதைக் கண்டுபிடிக்க விரலால் முன்னும் பின்னும் உழவேண்டியிருக்கும். ஏறத்தாழ எட்டு அங்குலமுள்ள உள்திரையில் படம் முழுவதும் ஒரே பார்வையில் கிடக்கிறது. இடப்பக்கத்தில் உறுதியையும் வலப்பக்கத்தில் படத்தையும் வைத்து, பரப்பும் குழியும் ஒத்துவருகின்றனவா என்று சரிபார்க்கலாம். ஒரு முறை கோப்பாயில் காணிக்குள் நின்றுகொண்டே, ஒழுங்கை பொதுவானதா தனியுரித்தானதா என்ற வழக்கை இந்தத் திரையை வைத்துத்தான் இரு பகுதியாருக்கும் விளங்கப்படுத்தினேன். அன்று அந்தக் கருவி தன் விலைக்குரிய வேலையைச் செய்தது என்பதை மறுக்கமாட்டேன்.

தமிழில் தட்டெழுதுபவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வகைக் கருவிகளின் வெளித்திரை நீண்ட காலமாக மிக ஒடுங்கியதாக இருந்தது. ஆங்கில விசைப்பலகையே நெருக்கமாக இருக்கும் அந்த இடத்தில் தமிழ் விசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். 'ண' கேட்டால் 'ன' வரும், 'ள' கேட்டால் 'ல' வரும். உறுதி எழுதுகிறவனுக்கு இது சிறிய விடயமன்று. உள்ளே விரித்தால் விசைப்பலகை இரண்டாகப் பிரிந்து இரு கட்டைவிரல்களுக்கும் எட்டும் இடத்தில் அமர்கிறது, எழுதுவது இன்பமாகிவிடுகிறது. ஆனால், ஒவ்வொரு சிறு பதிலுக்கும் விரிக்கவேண்டியிருப்பது இன்பமன்று. 2025 இல் வந்த சாம்சங் கலக்சி இசட் ஃபோல்ட் 7 இன் வெளித்திரை 6.5 அங்குலமாக அகன்று, சாதாரணக் கைபேசிக்கு அண்மையில் வந்துவிட்டது. எடையும் 215 கிராமாகக் குறைந்துவிட்டது. 2022 இல் வந்த ஃபோல்ட் 4 இன் எடை 263 கிராம் என்பதை நினைத்தால் இது பெரிய முன்னேற்றம். பழைய எடையுள்ள கருவியை நல்லூருக்குக் கொண்டுபோனவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். மேற்சட்டை கழற்றி உள்ளே போகும் கோயிலில், வேட்டி மடிப்பில் கால் கிலோவைச் செருகிக்கொண்டு கும்பிடுகிறவனின் பக்தி முழுவதும் இடுப்பிலேயே நிற்கும்.

படம் பார்க்கவும் கிரிக்கெட் பார்க்கவும் வாங்க நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். உள்திரை ஏறக்குறையச் சதுரம்; படங்களும் விளையாட்டும் அகலமானவை. ஆகவே மேலும் கீழும் கறுப்புப் பட்டைகள் விழுந்து, இறுதியில் கிடைக்கும் படம் ஒரு பெரிய சாதாரணக் கைபேசியில் கிடைப்பதைவிட அவ்வளவாகப் பெரிதாயிராது. அதன் நடுவில் மடிப்புக் கோடும் இருக்கும். நேரே பார்த்தால் தெரியாது; யன்னலோரத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். விரலால் தடவினால் எப்போதும் தெரியும்.

அம்மாவுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. பாதி மடித்து மேசையில் நிறுத்தினால் கருவி தானாக நிற்கும். குசினியில் புட்டு அவித்துக்கொண்டே ரொறன்ரோவிலிருக்கும் மகளுடன் முகம் பார்த்துக் கதைக்கலாம். சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கைபேசி சரிந்து, தங்கைக்குக் கூரையை மட்டும் காட்டிக்கொண்டிருந்த காலம் அதனோடு முடிந்தது.

இனிப் புழுதி. இந்தக் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிரூட்டிய அறைகளில் வாழ்கிறவர்கள். அவர்கள் மடிப்பைத்தான் எண்ணுகிறார்கள். முன்னைய மொடல்களுக்கு இரண்டு இலட்சம் மடிப்பு என்றார்கள். ஃபோல்ட் 7 இன் திரைக்கு ஐந்து இலட்சம் என்கிறார்கள். நான் நாளொன்றுக்கு அறுபது தடவை திறந்து மூடினேன் என்று வைத்துக்கொண்டால், இரண்டு இலட்சத்துக்கே ஒன்பது ஆண்டுகள் செல்லும். கீல் தேய்ந்து எவருடைய கருவியும் சாகப்போவதில்லை. திறந்து மூடி மடிப்பை எண்ணும் அந்தப் பரிசோதனை இயந்திரம் பண்ணைப் பாலத்தில் சோளகக் காற்றுக்கு எதிரே மோட்டார்ச் சைக்கிளில் போனதில்லை என்பதே என் முறைப்பாடு.

உள்திரை வளையவேண்டும் என்பதால், அதன் மேற்பரப்பு மற்றக் கைபேசிகளில் உள்ளதுபோன்ற தடித்த கண்ணாடியாக இருக்க முடியாது. 2020 இல் சாம்சங்கின் இசட் ஃபிளிப்புடன் அறிமுகமான மெல்லிய கண்ணாடி ஒரு மில்லிமீற்றரில் நூறில் மூன்று பங்கு தடிப்புடையது, தலைமயிரிலும் மெல்லியது. அதன்மேல் வளையும் பிளாஸ்ரிக் படலம் ஒட்டப்பட்டிருக்கிறது. நாம் விரலால் தொடுவது அந்தப் பிளாஸ்ரிக்கைத்தான். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கைபேசிக் கண்ணாடி ஆறாம் படிக்கு அண்மையில்தான் கீறல் காட்டும். மடியும் திரை இரண்டாம் படியிலேயே தடம் காட்டத் தொடங்கும். விரல் நகத்தின் கடினம் இரண்டரை. மணலின் பெரும்பகுதியாக இருக்கும் குவார்ட்ஸின் கடினம் ஏழு. அதாவது, எங்கள் முற்றத்தில் கிடக்கும் மணற்துணிக்கை எதுவும் இந்தத் திரையை எளிதாக வென்றுவிடும். சாதாரணக் கைபேசியில் மணல் பட்டால் வெளியே ஒரு கீறல் விழும், அவ்வளவுதான். இங்கோ, துணிக்கை உள்ளே இருக்கும்போது நாமே இரு பாதிகளையும் சேர்த்து அழுத்தி மூடுகிறோம். அம்மிக்கும் குழவிக்கும் இடையில் திரையை வைத்து அரைப்பதற்கு ஒப்பான செயல் அது.

இந்தக் குறை தொடக்கத்திலிருந்தே தெரிந்ததுதான். 2019 இல் முதலாவது கலக்சி ஃபோல்ட் 1980 டொலர் விலையுடன் அறிவிக்கப்பட்டு, விமர்சகர்களின் கைக்குப் போன சில நாள்களிலேயே பல பழுதாகின. சிலர் மேற்படலத்தைக் கழற்றக்கூடிய உறை என நினைத்து உரித்துவிட்டார்கள். சிலவற்றில் கீலின் இடைவெளியால் துணிக்கைகள் புகுந்தன. ஏப்ரலில் தொடங்கவேண்டிய விற்பனை செப்ரெம்பருக்குப் பின்போடப்பட்டது. 2021 இல் ஃபோல்ட் 3 வந்தபோது நீர் புகாமைக்கு எட்டாம் தரம் கிடைத்தது. தூசிக்கு எந்தத் தரமும் கிடைக்கவில்லை. ஃபோல்ட் 6 உம் 7 உம், முதல் இலக்கத்தால் தூசித் தரத்தையும் இரண்டாவதால் நீர்த் தரத்தையும் சொல்லும் 'ஐபி48' என்ற குறியைத் தாங்குகின்றன. கடைகளில் இதனைத் 'தண்ணிக்கும் தூசுக்கும் ஒண்டும் செய்யாது' என்று விளங்கப்படுத்துவதை என் காதால் கேட்டேன். அது தவறு. முதல் இலக்கமாகிய நான்கு, ஒரு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பொருள் உள்ளே போகாது என்று மட்டுமே உறுதியளிக்கிறது. நல்லூர்த் திருவிழாவில் வீதியெங்கும் பரப்பும் மணலில், ஒரு மில்லிமீற்றரிலும் சிறியதே மிகுதி. 2025 இல் வெளிவந்த கூகுளின் பிக்சல் 10 புரோ ஃபோல்ட்தான் தூசி முற்றாகப் புகாத 'ஐபி68' தரத்தைப் பெற்ற முதலாவது மடிக்கும் கைபேசி. எங்கள் நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி இந்தத் துறையில் இதுவரை வந்ததில்லை. எனினும் அந்தத் தரம் கீலுக்குள் போகும் தூசிக்குரியது. திரையின்மேல் விழுந்து கிடக்கும் மணலுக்கு அதுவும் பொறுப்பேற்காது.

எனது கருவியில் நடந்தது இதுதான். எட்டாவது மாதத்தில் மடிப்புக் கோட்டின் மேல்முனையில் படலம் கடுகளவு எழும்பியது. அதன் அடியில் தூசி புகுந்தது. தூசி புகுந்ததால் இன்னும் எழும்பியது. பன்னிரண்டாவது மாதத்தில் திரையின் பாதி நீளத்துக்கு ஓடிவிட்டது. இதற்குரிய மருந்து புதிய படலம் ஒட்டுவது. அதற்குரிய பசையும் சூடாக்கும் கருவியும் பழகிய கையும் வேண்டும். ஐந்நூறு ரூபாவுக்கு வீதியோரத்தில் 'கிளாஸ்' ஒட்டுவதுபோன்ற வேலையன்று. எனது கருவி கனடாவில் வாங்கப்பட்டதால் உத்தரவாதமும் இங்கே செல்லவில்லை. கொழும்பு நானூறு கிலோமீற்றர் தூரம். கருவியை இரவு பஸ்ஸில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, பதினொரு நாள் பழைய பொத்தான் கைபேசியுடன் இருந்தேன். படலம் மாற்றிய செலவு பெரிதன்று. ஆனால், உள்திரையே போயிருந்தால் எவ்வளவு என்று விசாரித்தபோது கிடைத்த பதில், நல்ல நடுத்தரக் கைபேசி ஒன்றின் விலைக்கு மேலே நின்றது.

விலையையும் நேராகவே பார்ப்போம். 2025 இல் ஃபோல்ட் 7 அறிமுகமானபோது அதன் அமெரிக்க விலை 1999 டொலர். டொலரை முந்நூறு ரூபாவாகக் கொண்டாலே ஆறு இலட்சம். 2024 ஜனவரி முதல் கைபேசிகளுக்கும் சேர்ந்துவிட்ட 18 சதவீதப் பெறுமதி சேர் வரி அதற்கு மேல். அதே நிறுவனம் அதே ஆண்டில் கொண்டுவந்த, மடியாத எஸ்25 அல்ட்ராவின் அமெரிக்க அறிமுக விலை 1299 டொலர். அதில் 5000 மில்லியம்பியர் மணிப் பற்றரி இருக்கிறது. ஃபோல்டிலோ 2021 முதல் ஃபோல்ட் 7 வரை அதே 4400 தான். பெரிய திரைக்கு உணவு கொடுக்கவேண்டிய கருவிக்கு வயிறு சிறியது என்றால், மாலை ஐந்து மணிக்கு என்ன நடக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள எழுநூறு டொலரில் ஒரு நல்ல ரப்லெட் வாங்கலாம். அது விழுந்தாலும் ஸ்ரான்லி வீதியிலேயே திருத்தலாம்.

குறுக்காக மடிந்து சட்டைப்பையில் அடங்கும் ஃபிளிப் வகையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கில்லை. விரித்தால் சாதாரணக் கைபேசி, மடித்தால் பவுடர் டப்பி. திரை பெரிதாவதில்லை, புழுதிப் பயம் மட்டும் அப்படியே இருக்கிறது. அழகுக்காக வாங்குகிறவர் அழகுக்காக வாங்கட்டும். ஹுவாவி 2024 இல் கொண்டுவந்த, மூன்றாக மடியும் மேட் எக்ஸ்ரி போன்றவற்றில் இரண்டு மடிப்புகள். எனக்கு ஒன்றே போதும்.

ஆகவே என் முடிவு இப்படி நிற்கிறது. நாள்தோறும் ஆவணம் பார்க்கிறவர், பெரும்பாலும் அறைக்குள் வேலை செய்கிறவர், இலங்கையில் செல்லுபடியாகும் உத்தரவாதத்துடன் புதிதாக வாங்கக்கூடியவர், கொழும்புக்கு அடிக்கடி போய்வருகிறவர் என்றால், 2025 இலோ அதற்குப் பின்னரோ வந்த புத்தக வகையை வாங்கலாம். உள்திரையை ரயர்போலத் தேயும் பொருளாகக் கணக்கில் வைத்துக்கொண்டு வாங்கவேண்டும். தோட்டக்காரர், கடற்தொழிலாளர், கட்டட வேலை பார்ப்பவர், மோட்டார்ச் சைக்கிளிலேயே நாளைக் கழிப்பவர் ஆகியோர் வாங்கவேண்டாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் வேண்டாம்; நகம் என்ன செய்யும் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

பழையதை வாங்குவதைத்தான் நான் மிகவும் கண்டிப்பாகத் தடுப்பேன். இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் இரண்டு மூன்று ஆண்டுப் பழைய கருவிகள் பாதி விலைக்கும் குறைவாகக் கிடைப்பதால், இளைஞர்கள் ஆசைப்படுகிறார்கள். அவ்வாறு வாங்கியே தீரவேண்டும் என்றால், திரையை அணைத்துவிட்டு வெயிலில் சாய்த்து மடிப்புக் கோட்டில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள்; முழுவதும் தட்டையாக விரிகிறதா என்று மேசையில் வைத்துப் பாருங்கள்; காதருகே மெதுவாகத் திறந்து மூடி, நறநறப்புக் கேட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு *#06# அழுத்தி வரும், கருவியின் அடையாள எண்ணாகிய ஐஎம்இஐ எண்ணை 1909 க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபாருங்கள். பதிவில்லாத புதிய கருவிகளுக்கு 2025 ஜனவரி இறுதி முதல் வலையமைப்பு இணைப்பு கிடைக்காது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அறிவித்திருக்கிறது. இணைப்பில்லாத மடிக்கும் கைபேசி விலையுயர்ந்த கைக்கண்ணாடி மட்டுமே.

என்னுடையது இப்போது வெளியே போவதில்லை. புதிய படலத்துடன் அலுவலக மேசையில், உறுதிக் கட்டுகளுக்குப் பக்கத்தில், ஒரு மென்துணியின் மேல் இருக்கிறது. அளவைப் படம் வரும்போது மட்டும் விரிப்பேன். வீதிக்குப் போகும்போது சட்டைப்பையில் இருப்பது ஒரு சாதாரணக் கைபேசி. சென்ற வாரம் கோப்பாயில் அது கிணற்றுக் கட்டில் விழுந்தது, எடுத்துத் துடைத்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தேன்.