பொட்டலமும் அருகம்புல்லும்: எங்கள் கினிப்பன்றிகளின் ஐந்தாண்டு நொறுக்குத்தீனிக் கணக்கு

கினிப்பன்றி பெயரில்தான் பன்றி, உண்மையில் எலியைப் போல ஒரு கொறிக்கும் பிராணி. எங்கள் வீட்டுக் கினிப்பன்றிகளின் பெயர் கடலை, மொச்சை. இரண்டும் பெண். 2020 கடைசியில் திருச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கையில் அடங்கின. இப்போது ஆளுக்கு ஒரு கிலோவைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஐந்து வயது இந்தப் பிராணிக்கு முதுமையின் வாசல்தான். இதுவரை வந்து சேர்ந்ததற்குப் பாதிக் காரணம் நான் என் தவறுகளிலிருந்து கற்றது.

முதல் தவறு கூண்டு வாங்கிய அன்றே நடந்தது. கடைக்காரர் கூண்டோடு மூன்று பொட்டலங்களையும் தலையில் கட்டினார். ஒன்றில் தயிர் மிட்டாய். இன்னொன்றில் தேன் தடவிய தானியக் குச்சி. மூன்றாவது, சூரியகாந்தி விதையும் உடைத்த சோளமும் நிறம் ஏற்றிய துணுக்குகளும் கலந்த தீவனம். மூன்றின் அட்டையிலும் கினிப்பன்றியின் படம் இருந்தது. படம் இருந்தால் போதும் என்று நம்பிய காலம் அது.

கடலை ஒரே வாரத்தில் தேர்ந்துவிட்டாள். கலவைத் தீவனத்தில் இனிப்பும் கொழுப்பும் உள்ளதை மட்டும் பொறுக்கித் தின்பாள், பெல்லட்டை, அதாவது அரைத்து அழுத்திய தீவனக் குச்சிகளை, ஒதுக்குவாள், புல்லைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதன் விபரீதம் எனக்கு அப்போது புரியவில்லை. கினிப்பன்றிக்கு இருபது பற்கள். இருபதும் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நாள் முழுக்கக் காய்ந்த புல்லை அரைத்தால்தான் அவை தேயும், குடலும் ஓடும். மூன்றாவது வாரம் புழுக்கை இளகியது. ஒரு மாலை முழுதும் அவள் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, “என்ன தின்னக் கொடுக்கிறீர்கள்?” என்பது. சொன்னேன். “இதற்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது போனதுதான். அரை நாள் எதையும் தின்னாமல் இருந்தால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள்” என்றார். புல் தின்னும் பிராணிக்குப் பால் பொருள் எதற்கு என்றும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பொட்டலங்கள் மூன்றும் அன்றிரவே குப்பைக்குப் போயின.

அதன் பிறகு உணவில் பெரும்பங்கு காய்ந்த திமோத்தி புல்தான். அதை வைக்கோல் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. வைக்கோல் வேறு, நெல் அறுத்த பின் மிஞ்சும் தாள், சத்து குறைவு. புல்லுக்கு மேல் ஆளுக்கு ஒரு மேசைக்கரண்டி பெல்லட், ஒரு கோப்பை அளவு பச்சைக் காய் இலை. நொறுக்குத்தீனி என்பது இவற்றுக்குப் பிறகு மிஞ்சும் சின்ன இடம். அந்த இடத்தை வைட்டமின் ‘சி’க்கு ஒதுக்கியதுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலுக்கும் அந்த வைட்டமினைத் தானே உண்டாக்கத் தெரியாது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை வேண்டும். குறைந்தால் மூட்டு வீங்கும், ஈறு கசியும், நடக்கவே தயங்கும். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தை ஒரு மாதம் முயன்றேன். அது தண்ணீரில் வேகமாக வீரியம் இழக்கும். அதைவிட மோசம், ருசி மாறியதும் இரண்டும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டன. முயலுக்கான பெல்லட்டையும் நம்ப முடியாது. முயல் தன் வைட்டமினைத் தானே தயாரித்துக்கொள்ளும் என்பதால் அதில் பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

கொய்யா 100 கிராமில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ இருக்கிறது. ஆரஞ்சைப் போல நான்கு மடங்கு. ஆனால் சர்க்கரையும் உண்டு என்பதால் கட்டைவிரல் நகமளவுத் துண்டு, விதை நீக்கி, வாரத்துக்கு இரண்டு முறை. அதற்கு மேல் கிடையாது. தினசரிக்குக் குடைமிளகாய்தான், ஒரு விரல் நீளக் கீற்று ஆளுக்கு. சிவப்பு கிடைத்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. கூடக் கொஞ்சம் கொத்தமல்லி. நெல்லிக்காய் கணக்கில் எல்லாவற்றையும் வெல்லும் என்று ஆசையோடு கொண்டுபோனேன். மொச்சை ஒரு முறை முகர்ந்துவிட்டுத் தும்மினாள். அத்தோடு அந்த ஆராய்ச்சி முடிந்தது.

கீரை விஷயத்தில் இரண்டாவது அடி விழுந்தது. கீரைக்காரம்மா தினமும் வாசலுக்கு வருபவர். பசலை, முளைக்கீரை, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். சில மாதங்களில் கூண்டுத் துணியில் சிறுநீர் காய்ந்த இடமெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளைத் திட்டு. கினிப்பன்றி தின்னும் கால்சியத்தில் மிகுதியைச் சிறுநீரோடுதான் வெளியேற்றுகிறது. அது படிந்தால் சிறுநீர்ப்பையில் கல்லாகும். முருங்கையில் கால்சியம் அதிகம், பசலையிலும் முளைக்கீரையிலும் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் ஆக்சலேட் அதிகம். நல்ல வேளையாகக் கல் வரை போகவில்லை. இப்போது முருங்கை மாதத்துக்கு ஒரு கொழுந்து. மற்ற இரண்டும் எங்கள் தட்டோடு சரி.

இனி அருகம்புல். இந்தப் பிராணிக்கு அகராதித் தமிழில் சீமைப்பெருச்சாளி என்று பெயர். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து என் மாமியார் அவற்றைப் பிள்ளையாரின் வாகனமாகவே நடத்துகிறார். மலைக்கோட்டை அடிவாரத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை ஒரு கட்டு அருகம்புல் வாங்கி வந்து, “வாகனத்துக்கும் போடு” என்றார். போட்டேன். பச்சைப் புல்லைக் கண்ட இரண்டும் நின்ற இடத்திலேயே சோளப்பொரி போலத் துள்ளின. ஐந்து ஆண்டுகளில் எந்தப் பொட்டலத்துக்கும் அப்படித் துள்ளியதில்லை. விலை 10 ரூபாய்.

ஆனால் அப்படியே போடக் கூடாது. அருகம்புல் விற்பவரின் அதே கூடையில் எருக்கம்பூ மாலையும் இருக்கும். எருக்கம்பால் விஷம். கட்டைப் பிரித்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து, இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் உலர்த்திய பிறகே கூண்டுக்குள் போகும். ஈரத்தோடு குவித்து வைத்த புல் சூடேறிப் புளிக்கும், வயிறு உப்பும். நாய்கள் உலவும் தெருவோரத்தில் பிடுங்கியதும் வேண்டாம்.

புல்லுக்கு அடுத்த இடம் மக்காச்சோளக் கதிரின் பச்சை மட்டைக்கும் நாருக்கும். நாம் உரித்து எறிவது, செலவே இல்லை. கதிர் மணியைக் கொடுப்பதில்லை, மாவுச்சத்து. சித்திரை வெயிலில் வெள்ளரிக்காய் வட்டம் இரண்டு. குளிர்ச்சிக்கு உதவும், சத்துக்கு அல்ல. தர்பூசணி கொடுத்த ஒரே நாள் புழுக்கை தண்ணீராகப் போனது. கேரட் படத்தில் மட்டும் தினசரி உணவு. என் வீட்டில் வாரம் ஒரு மெல்லிய வட்டம். புதினாவை இன்றுவரை ஒருத்தி தின்கிறாள், ஒருத்தி மிதிக்கிறாள். வெங்காயம், பூண்டு, வெண்ணெய்ப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, சாக்லேட் எதுவும் கூண்டருகே வராது.

கடினமான பகுதி உணவு அல்ல, விருந்தினர். கூண்டைக் கண்டவுடன் எல்லோர் கையும் பிஸ்கட்டைத் தேடும். பிளாஸ்டிக் பை சரசரத்தாலே அவையும் “வீக் வீக்” என்று கத்தி ஊரைக் கூட்டும். பசி என்று வருபவர்கள் நினைப்பார்கள். கூண்டின் மேல் ஒரு டப்பாவில் நறுக்கிய கொத்தமல்லித் தண்டு வைத்தேன். கொடுக்க ஆசைப்படுபவர்கள் அதைக் கொடுக்கட்டும். புதிதாக எதைக் கொடுத்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான், இரண்டு நாள் புழுக்கையைப் பார்த்த பிறகே அடுத்தது. ஞாயிறு காலை சமையலறைத் தராசில் எடை. 50 கிராம் இறங்கினாலே நான் விழித்துக்கொள்வேன்.

மாமியார் முன்பெல்லாம் எனக்குத் தெரியாமல் பொரி போடுவார். தராசில் கடலை 1,180 கிராம் காட்டிய வாரம், “அத்தை, பொரி போட்டீர்களா?” என்று கேட்டேன். “பிள்ளையாருக்குப் படைத்ததுதானே” என்றார். சண்டை போடவில்லை, அருகம்புல் வாங்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தேன். இப்போது வெள்ளிக்கிழமைகளில் அவர் இரண்டு கட்டு வாங்குகிறார். ஒன்று மட்டும் கோயிலுக்குள் போகிறது.