அருண்டெல் கோட்டை: பட்டத்தின் கதை தெரிந்தால்தான் ருசி

லண்டனிலிருந்து ஒரு கோட்டை பார்க்கப் போகலாம் என்றாலே எல்லாரும் விண்ட்சரைத்தான் கை காட்டுவார்கள், என் ஓட்டு அருண்டெலுக்கு. இது நார்ஃபோக் டியூக் என்ற உயர்ந்த பிரபுப் பட்டம் வகிக்கும் ஹோவர்ட் குடும்பத்தின் பரம்பரை வீடு, ஆனால் இருப்பதோ நார்ஃபோக்கில் இல்லை, மேற்கு சசெக்ஸ் என்ற வேறு மாவட்டத்தில். 4-வது டியூக் 1555-இல் அருண்டெல் பிரபுவின் மகளைக் கல்யாணம் செய்தார், அந்த வழியில் வந்த சொத்து.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1067-இல் தொடங்கிய கோட்டைதான் என்றாலும், நீங்கள் வியந்து பார்க்கப்போகும் பெரிய கூடங்களில் பெரும்பகுதி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் 15-வது டியூக் கட்டியது. உண்மையான பழசு வேண்டுமென்றால் மேட்டின் மேலிருக்கும் கோபுரத்துக்கு ஏறுங்கள். படிகள் குறுகல், முட்டி வலி உள்ளவர்களுக்குச் சரிப்படாது.

போவதற்கு முன் அந்த டியூக் பட்டத்தின் கதையைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள், இல்லையென்றால் சுவரெல்லாம் யாரோ ஒரு தாடிக்காரர் படமாகத்தான் தெரியும். ஹோவர்ட் குடும்பத்துக்கு டியூக் பட்டம் கிடைத்தது 1483-இல், இங்கிலாந்து ராஜா மூன்றாம் ரிச்சர்ட் கொடுத்தது. இரண்டே வருடத்தில் அந்த முதல் ஹோவர்ட் பாஸ்வர்த் போரில் அதே ராஜாவுக்காகச் செத்தார், பட்டமும் போயிற்று. மகன் ஃபிளாடன் போரில் ஸ்காட்லாந்துப் படையை முறியடித்து 1514-இல் மீட்டார். பேரன் 3-வது டியூக்குக்கு மரண தண்டனை நெருங்கிக்கொண்டிருந்தபோது 1547 ஜனவரியில் ராஜா எட்டாம் ஹென்றியே போய்ச் சேர்ந்துவிட, தலை தப்பியது. எல்லாருக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை, 4-வது டியூக்கின் தலை 1572-இல் விழுந்தது. அப்புறம் 1660 வரை பட்டமே கிடையாது.

தவறவே விடக்கூடாதது ஃபிட்ஸாலன் சிற்றாலயம். ஒரே கட்டடம், நடுவே ஒரு தடுப்பு, இந்தப் பக்கம் டியூக் குடும்பத்தின் கத்தோலிக்கக் கல்லறைகள், அந்தப் பக்கம் ஊர்க்காரர்களின் ஆங்கிலிக்கன் தேவாலயம். அங்கே 1435-இல் இறந்த அருண்டெல் பிரபு ஒருவரின் இரட்டைச் சிலையைப் பாருங்கள்: மேலே கவசத்தோடு வீரன், கீழே வற்றிப்போன பிணம். பிரான்ஸ் போரில் காலை இழந்தவர், 1857-இல் கல்லறையைத் திறந்தபோது எலும்புக்கூட்டிலும் ஒரு கால் இல்லை. நான் அதிக நேரம் நின்றது இங்கேதான், படுக்கையறைகளை வேகமாகக் கடந்துவிட்டேன்.

குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள், அதனால் தேதி பார்த்துக் கிளம்புங்கள். லண்டன் விக்டோரியாவிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம், நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.