ரசீது இல்லாமல் ரிங்கிட் வாங்காதீர்கள்: கோலாலம்பூர் போய்வந்த நால்வரின் கணக்கு

தண்டையார்பேட்டையில் வசிக்கும் நானும் என் மனைவியும், அவருடைய அக்காவும் என் சகலையும் சென்ற ஐப்பசியில் நான்கு நாள் பயணமாகக் கோலாலம்பூர் சென்று வந்தோம். 272 படி ஏறிப் பத்துமலை முருகனைக் கண்குளிரக் கண்டதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் விமானம் ஏறுவதற்கு முன்பே, நம் ஊரிலேயே, ஏறத்தாழ 16,600 ரூபாயை நாங்கள் இழந்திருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. துறைமுகத்தில் 31 ஆண்டுகள் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான் என்பதால், இதை வெளியே சொல்லவே கூச்சமாக இருந்தது. இதே போன்ற பயணத்துக்குப் பணம் கட்டப் போகிறேன் என்று எங்கள் தெருவில் மூன்றாவது ஆள் வந்து சொன்ன பிறகு, கூச்சத்தை விட்டு எழுதுகிறேன்.

சகலையின் நண்பர் கைகாட்டிய பயண முகவரிடம் விமான டிக்கெட்டும் விடுதியும் எடுத்தோம். அவை இரண்டும் சரியாகவே இருந்தன. அந்த நம்பிக்கையில்தான், அவர் கூடவே நீட்டிய இரண்டு பொருள்களையும் கேள்வி கேட்காமல் வாங்கினோம். ஒன்று, விமான நிலைய ரயில் உட்பட எல்லா ரயிலிலும் நான்கு நாளும் ஏறி இறங்கலாம் என்று சொல்லி, தலைக்கு 2,400 ரூபாய்க்குக் கொடுத்த ‘ஆல் டிரெயின் பாஸ்’. மற்றொன்று, தலைக்கு 500 ரூபாய் வாங்கிக்கொண்டு செய்து தந்த ‘மலேசிய நுழைவுப் பதிவு’. “அங்க போய்க் கியூவுல நிக்க வேணாம் சார், கண்ண மூடினு போய்ட்டு வாங்க” என்றார். அவர் சொன்னபடியே கண்ணை மூடிக்கொண்டுதான் போனோம்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். 2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் 30 நாள் வரையிலான சுற்றுலாவுக்கு விசா இல்லாமலே மலேசியாவுக்குப் போக முடிகிறது. அதற்குப் பதிலாக, போய்ச் சேரும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் டிஜிட்டல் வருகை அட்டை என்ற படிவத்தை அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் ஒரு காசும் கிடையாது. கடவுச்சீட்டு எண், விமான எண், தங்கும் முகவரி ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டால் பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்துக்கு நாங்கள் கொடுத்த விலை 2,000 ரூபாய்.

பாஸ் கதை வேறு. கோலாலம்பூர் விமான நிலையத்தில் ரயில் முகப்புக்குப் போய், வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சிட்ட அந்த நான்கு பாஸ்களையும் நீட்டினேன். முகப்பில் இருந்த பெண் கியூஆர் கோடை ஒருமுறைக்கு இருமுறை ஸ்கேன் செய்து பார்த்தார். பிறகு தம் கைப்பேசியில் அதைத் திறந்து, திரையை என் பக்கம் திருப்பி, தமிழிலேயே சொன்னார்: “அங்கிள், இது டிக்கெட் இல்ல. இது டைம் டேபிள்.” நான்கு தாளிலும் இருந்தது ஒரே கியூஆர் கோடுதான் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். நான்கு பேருக்கும் ஒரே டிக்கெட் எண் எப்படி இருக்கும் என்று வீட்டிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

இந்த ஏமாற்று எளிதாக எடுபடுவதற்குக் காரணம், அந்த ஊர் ரயில்களின் அமைப்பு நமக்குத் தெரியாததுதான். விமான நிலையத்திலிருந்து நகரின் மைய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலுக்கு அரை மணி நேரத்தில் கொண்டு சேர்க்கும் விரைவு ரயில் ஒரு நிறுவனத்துடையது; நகருக்குள் ஓடும் எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில் ஆகியவை ரேபிட் கேஎல் என்ற வேறொரு நிர்வாகத்தின் கீழ் வருபவை; பத்துமலைக்குப் போகும் கொம்யூட்டர் ரயிலோ கேடிஎம் என்ற மலாயா ரயில்வேயினுடையது. ஆகவே, ‘எல்லா ரயிலுக்கும் ஒரே பாஸ்’ என்று சென்னையில் யாராவது விற்றால், அது எந்த நிறுவனம் வெளியிட்ட பாஸ் என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே போதும். இவை எல்லாவற்றிலும் செல்லுபடியாகும் பொது அட்டை ஒன்று உண்டு. டச் அண்ட் கோ என்று பெயர். நம் மெட்ரோ அட்டையைப் போலவே அங்கேயே வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டு, ஏறும் நிலையத்திலும் இறங்கும் நிலையத்திலும் தொட வேண்டும். ஆளுக்கு ஓர் அட்டை கட்டாயம் வேண்டும். ஓர் அட்டையில் இரண்டு பேர் நுழையப் பார்த்துச் சகலை தடுப்புக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

அன்று வேறு வழி தெரியாமல், விரைவு ரயிலுக்கு ஆளுக்கு 55 ரிங்கிட் வீதம் 220 ரிங்கிட் கொடுத்து டிக்கெட் எடுத்தோம். அதே கேஎல் சென்ட்ரலுக்கு விமான நிலையத்திலிருந்து பேருந்தும் போகிறது. அதன் கட்டணம் ரயில் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. தண்டையார்பேட்டையிலிருந்து மீனம்பாக்கத்துக்கு மெட்ரோவில் 50 ரூபாய்க்கு மேல் கிடையாது என்று தெரிந்திருந்ததால், முகவர் சொன்ன வாடகைக் காரை மட்டும் வேண்டாம் என்றிருந்தோம். தெரிந்த ஊரில் ஏமாறவில்லை, அவ்வளவுதான்.

இனிப் பணம். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில், கைக்கடிகாரமும் சென்ட்டும் விற்கும் ஒரு கடையில் 2,000 ரிங்கிட் வாங்கினோம். கடவுச்சீட்டு கேட்கவில்லை, பயண டிக்கெட் கேட்கவில்லை, ரசீது பற்றிய பேச்சே எழவில்லை. எதுவுமே கேட்காததைப் பெரிய வசதி என்று நான் எண்ணிக்கொண்டேன். விலை, அன்றைய வங்கி விலையைவிட ரிங்கிட்டுக்கு ஒன்றரை ரூபாய் கூடுதல் என்பது, அதாவது மொத்தத்தில் 3,000 ரூபாய் என்பது, வீட்டுக்கு வந்து ஒப்பிட்டபோதுதான் தெரிந்தது.

அதைவிட மோசமானது அவர் எண்ணிய விதம். 50 ரிங்கிட் தாள்கள் 40 இருக்க வேண்டும். கட்டின் ஒரு முனையை இடக்கையில் அழுத்திப் பிடித்து, மறு முனையைக் கட்டைவிரலால் தட்டித் தட்டி என் கண்ணெதிரே நாற்பது எண்ணினார். ரப்பர் பேண்டு போட்டு, உறையிலிட்டு, “பத்திரமா உள்ள வச்சிக்கோங்க சார்” என்று தந்தார். ரயிலுக்கு ஐந்து தாள்களைக் கொடுத்தபின், அன்றிரவு விடுதியில் மனைவி கணக்கு நோட்டை விரித்தபோது 35 தாள்களுக்குப் பதில் 33 தான் இருந்தன. கட்டிலின் மேல் ஒவ்வொன்றாகப் பரப்பினோம். எல்லாம் கசங்காத புதுத் தாள்கள். இரண்டில் மட்டும் நட்ட நடுவில் கத்தி போல ஒரு மடிப்பு. தாளை இரண்டாக மடித்துப் பணக்கட்டுக்குள் செருகிவிட்டால், முனையை மட்டும் எண்ணும்போது ஒரு தாள் இரண்டாகக் கணக்காகும். முப்பது ஆண்டுகளுக்கு முன் சம்பளப் பட்டுவாடாவில் நானே புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது.

ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையமாக இருந்தால், அந்த உரிமத்தின் நகலும் அன்றைய விலைப் பட்டியலும் கண்ணில் படும்படி மாட்டியிருக்கும்; கடவுச்சீட்டைக் கேட்பார்கள்; விலை, ஜிஎஸ்டி எல்லாம் எழுதிய ரசீது தருவார்கள். 50,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினால் ரொக்கமாகவே கொடுக்கலாம், அதற்கு மேல் வங்கி வழியாகத்தான் செலுத்த வேண்டும். எங்கே வாங்கினாலும் ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வொரு தாளையும் மேசைமேல் தனித்தனியாகப் போட்டு எண்ணிய பிறகே நகருங்கள்.

வங்கி அட்டை பற்றியும் சிறிது. 2020 முதல், புதிதாகத் தரப்படும் அட்டைகள் வெளிநாட்டில் இயங்காத நிலையிலேயே வருகின்றன. வங்கிச் செயலியில் நாம்தான் அதைத் திறந்துவிட வேண்டும். கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஒரு துணிக்கடையில் அட்டையைச் செருகியதும், ரிங்கிட்டா இந்திய ரூபாயா என்று கருவி கேட்டது. கடைக்காரரே முந்திக்கொண்டு ரூபாயை அழுத்தினார். ரூபாய் என்றால் மாற்று விலையை அந்தக் கருவிக்காரர்கள் தங்கள் லாபத்தைச் சேர்த்துத் தாங்களே வைப்பார்கள். எப்போதும் அந்த ஊர்ப் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

திரும்பி வந்ததும் இரண்டு இடத்துக்கும் போனேன். “உங்க கண்ணு முன்னாடிதானே சார் எண்ணிக் குடுத்தேன், நாலு நாளு கழிச்சு வந்து கேட்டா நான் இன்னா பண்றது?” என்றார் கடைக்காரர். முகவரிடம் நிலைமை வேறாக இருந்தது; பாஸின் விலையை அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார், பணத்தை நான் ஜிபேயில் அனுப்பியிருந்தேன். முதலில் மழுப்பினார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்த பிறகு, இரண்டு தவணையாக 7,000 ரூபாய் திருப்பித் தந்தார். மீதியுள்ள 4,600 ரூபாய்க்கு வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தால் போதும். ரிங்கிட்டுக்கும் சேர்த்து மனு போடலாமே என்று சகலை கேட்டார். அதனுடன் இணைக்க என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.