எல்லோருக்கும் பூச்சி மாத்திரையா, மலப் பரிசோதனைக்குப் பிறகா?

பினாங்கில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூடிப் பேசும்போது இந்தக் கேள்வி எழுகிறது: வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்துவிடலாமா, மலத்தைச் சோதித்துத் தொற்று உள்ளவர்களுக்கு மட்டும் கொடுப்பதா?

எல்லோருக்கும் கொடுப்பது மலிவு, விரைவு. பள்ளிப் பிள்ளைக்கு அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், ஒரே வேளை. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்குச் சுமார் 2,00,000 முட்டைகள் இடும். அவை மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். தொற்று பரவலாக உள்ள இடத்தில் ஒவ்வொருவராகச் சோதித்துக்கொண்டிருப்பது காலவிரயம். தொற்று உள்ள பிள்ளைகளின் பங்கில் உலக சுகாதார நிறுவனம் 20 விழுக்காட்டை எல்லையாக வைக்கிறது: அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறை, 50 விழுக்காட்டைத் தாண்டினால் இரு முறை. மலேசியத் தீபகற்பத்தின் பழங்குடியினரான ஓராங் அஸ்லி மக்களின் குடியிருப்புகள் பலவற்றில் பிள்ளைகளின் நிலை இன்னும் அப்படித்தான். அங்கே மாத்திரையைத் தள்ளிப்போடுவது அநியாயம். சாட்டைப்புழுவை மட்டும் ஒரே வேளை மருந்து பெரும்பாலும் முழுதாக ஒழிப்பதில்லை.

குழாய்நீரும் நல்ல கழிப்பறையும் உள்ள பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகர அடுக்குமாடி வீடுகளின் நிலை வேறு. மலேசியப் பள்ளிகளில் 1974இல் தொடங்கிய பூச்சி மாத்திரைத் திட்டமே 1983இல் நிறுத்தப்பட்டது. நகரப் பிள்ளைக்குச் சோதனையே மேல் என்பேன். ஜியார்டியா போன்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி இருந்தால், அது அந்த ஒரு மாத்திரையில் போகாது. சோதனையும் தவறலாம், ஒரு முறை கொடுத்த மலத்தில் முட்டை அகப்படாமல் போவதுண்டு. இரவில் ஆசனவாயை அரிக்கும் கீரிப்பூச்சிக்கோ மலப் பரிசோதனை அவ்வளவாக உதவாது. காலையில் கழுவுவதற்கு முன் ஒட்டுநாடாவை ஒற்றி எடுத்துப் பார்க்க வேண்டும். இருந்தால், மருத்துவர் சொற்படி வீட்டில் எல்லோரும் மருந்து சாப்பிட்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் சாப்பிட வேண்டும்.