என்டிலைட் பிரீசெட்டுகளுடன் சில ஆண்டுகள்: திருப்பூர் அலுவலகக் கணினிகளுக்கான விண்டோஸ் இமேஜ்

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததை ஒட்டி, திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனி அலுவலகங்களில் விண்டோஸ் 11 போடும் வேலை ஒரே சமயத்தில் குவிந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்த அலுவலகங்களுக்கான இமேஜ்களை (தேவைக்கேற்ப மாற்றிய விண்டோஸ் நிறுவல் தொகுப்புகளை) என்டிலைட் என்ற மென்பொருளில் பிரீசெட் (சேமித்து வைத்த தேர்வுப் பட்டியல்) வைத்துத் தயாரித்து வருகிறேன். தொடக்கத்தில் நீக்க வேண்டியவற்றின் பட்டியல் நீளமாக இருந்தது. இப்போது அது சுருங்கி, கைவைக்கக் கூடாதவற்றின் பட்டியல்தான் நீண்டிருக்கிறது. இந்த மாற்றம் ஏன் ஏற்பட்டது என்பதையே முதன்மையாக இங்கே பகிர விரும்புகிறேன்.

எக்ஸ்பி காலத்து என்லைட், விஸ்டா காலத்து விலைட் ஆகியவற்றின் வழிவந்தது என்டிலைட். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய ஐ.எஸ்.ஓ.வை (விண்டோஸ் நிறுவல் வட்டின் நகல் கோப்பு) ஒரு கோப்புறையில் விரித்து வைத்தால், அதற்குள் விண்டோஸ் அடங்கியிருக்கும் இன்ஸ்டால் விம் கோப்பைத் திறந்து, வேண்டாத கம்போனென்ட்டுகளை (விண்டோஸின் உட்பகுதிகளை) நீக்கவும், டிரைவர்களையும் அப்டேட்டுகளையும் சேர்க்கவும், நிறுவலின்போது கேட்கப்படும் கேள்விகளுக்கு முன்கூட்டியே விடை எழுதி வைக்கவும் இதில் முடியும். நாம் செய்த தேர்வுகள் அனைத்தும் எக்ஸ்.எம்.எல். கோப்பாகச் சேமிக்கப்படுகின்றன, அதுவே பிரீசெட். நோட்பேடில் திறந்து படிக்கலாம், பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். இமேஜிலிருந்து ஒன்றை நீக்கிச் சேமித்த பிறகு அந்த இமேஜில் அதைத் திரும்பப் பெற வழியில்லை, மூல ஐ.எஸ்.ஓ.விலிருந்து மீண்டும் தொடங்கியாக வேண்டும் என்பதால், பிரீசெட் இல்லாமல் இந்த வேலையைத் தொடர்ந்து செய்ய இயலாது.

ஆயத்தமாகக் கிடைக்கும் மெலிந்த ஐ.எஸ்.ஓ.க்களை இறக்கிப் போட்டுவிடலாமே என்று பலர் கேட்கிறார்கள். யாரோ தயாரித்துப் பதிவேற்றிய ஒரு நிறுவல் கோப்பை, கம்பெனியின் வங்கிக் கணக்கும் ஜி.எஸ்.டி. கணக்கும் திறக்கப்படும் கணினியில் போடுவதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. விண்டோஸ் 11-ஐ மெலிக்க உதவும் டைனி11 பில்டர் அந்த வகையைச் சேர்ந்ததன்று. அது வெளிப்படையாகப் படிக்கக்கூடிய பவர்ஷெல் ஸ்கிரிப்ட் (விண்டோஸ் கட்டளைகளின் தொகுப்பு), மூல ஐ.எஸ்.ஓ.வை நாமே கொடுக்கிறோம். ஆனால் அதன் கோர் வகை வின்எஸ்எக்ஸ்எஸ் எனப்படும் கம்போனென்ட் கிடங்கையே நீக்கிவிடுவதால், பின்னர் அப்டேட்டோ மொழியோ கூடுதல் வசதியோ சேர்க்க முடியாது. சோதனைக்கு அது பொருந்தும். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய அலுவலகக் கணினிக்குப் பொருந்தாது.

எதை நீக்கலாம் என்ற கேள்விக்கு விடை, அந்த மேசையில் என்ன வேலை நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஓர் ஏற்றுமதி அலுவலகத்துக்கு, வேறோரிடத்தில் அளவுக்கு மீறி மெலிக்கப்பட்ட விண்டோஸுடன் ஒரு கணினி வந்து சேர்ந்தது. ரிட்டர்ன் தாக்கல் செய்யும் நாளில் அங்கிருந்த கணக்காளர் அழைத்து, "ஏனுங்க, பழைய சிஸ்டத்துல நேத்து வரைக்கும் எடுத்த டோக்கன் இதுல எடுக்கமாட்டீங்குதுங்களே" என்றார். கம்பெனிகளும் எல்.எல்.பி. நிறுவனங்களும் ஜி.எஸ்.டி. தாக்கலில் டிஜிட்டல் கையொப்பமே இட வேண்டும். அந்தக் கையொப்பம் உள்ள யு.எஸ்.பி. டோக்கனை விண்டோஸ் ஸ்மார்ட் கார்டாகவே பார்க்கிறது. அந்தக் கணினியிலோ, அதற்காகப் பின்னணியில் ஓட வேண்டிய ஸ்மார்ட் கார்டு சர்வீஸே இல்லை. நிறுத்தி வைக்கப்பட்ட சர்வீஸ் என்றால் மறுபடி இயக்கிவிடலாம். கோப்புகளே நீக்கப்பட்டிருந்ததால், முழு ஐ.எஸ்.ஓ.வைக் கொண்டு மேலேயே மறுநிறுவல் செய்த பின்னர்தான் டோக்கன் எடுத்தது. வீட்டுக் கணினிக்கு எழுதப்பட்ட பிரீசெட்டில் ஸ்மார்ட் கார்டை நீக்கியிருப்பது தவறன்று. அதையே கணக்கர் மேசைக்குக் கொண்டு வருவதுதான் தவறு.

அச்சு வசதியும் இப்படித்தான். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்று துணி ஒவ்வொரு ஜாப் ஒர்க் இடத்துக்கும் டி.சி.யுடன் (டெலிவரி சலான்) போகும் ஊர் இது. கார்பன் நகல் வேண்டியிருப்பதால் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இன்னும் பல அலுவலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு விண்டோஸுடன் வரும் ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரே பல இடங்களில் போதுமானது. இடத்தை மிச்சப்படுத்த உள்ளமைந்த பிரிண்டர் டிரைவர்களை மொத்தமாக நீக்கும் பிரீசெட், இந்த வசதியையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும். என்டிலைட்டின் காம்பேட்டிபிலிட்டி பகுதியில் பிரிண்டிங் வசதியைத் தேர்ந்து வைத்தால், அதற்குத் தேவையான கம்போனென்ட்டுகளை நீக்க முடியாதபடி அது காத்துக்கொள்கிறது. கம்போனென்ட் பட்டியலைத் தொடும் முன்பே இந்தப் பகுதியை முடித்துவிடுவது நல்லது.

பழைய பேட்டர்ன், எம்ப்ராய்டரி மென்பொருள்களில் சில, டாட் நெட் 3.5 என்ற மைக்ரோசாஃப்ட் துணை மென்பொருளைக் கேட்கும். அதற்கான கோப்புகள் ஐ.எஸ்.ஓ.வின் சோர்சஸ் கோப்புறைக்குள் எஸ்எக்ஸ்எஸ் என்ற பகுதியில் இருக்கின்றன. இமேஜ் நிலையிலேயே அதை இயக்கி வைத்துவிட்டால், இணையம் இல்லாத தளத்தில் நிறுவும்போது திண்டாட வேண்டியதில்லை. தமிழைப் பொறுத்தவரை, திரையில் தமிழ் காட்டும் நிர்மலா யு.ஐ. எழுத்துருவைத் தொடவே கூடாது. லதா இப்போது கூடுதல் எழுத்துருத் தொகுப்பில் தனியாக வருகிறது. பழைய கடிதங்கள் அதில் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். பிரீசெட்டில் வட்டாரத்தை ஆங்கிலம் - இந்தியா என வைத்து அந்த விசைப்பலகையையே தேர்ந்துவிட்டால், தேதி நாள்-மாதம்-ஆண்டு வரிசையில் வரும், வலப்பக்க ஆல்ட்டுடன் 4-ஐ அழுத்தினால் ரூபாய்க் குறியும் வரும். இவை சிறியவை என்றாலும், பில் போடுகிறவர் நாள்தோறும் உணரும் வசதிகள்.

விளையாட்டுச் செயலிகள், விட்ஜெட்டுகள், விளம்பரப் பரிந்துரைகள், எக்ஸ்பாக்ஸ் துணைச் செயலிகள் ஆகியவற்றைத் தயக்கமின்றி நீக்குகிறேன். எட்ஜ் உலாவி வேண்டாம் என்பவர்களும் வெப்வியூ2-ஐ விட்டுவைக்க வேண்டும். பல செயலிகள் தங்கள் சாளரத்துக்குள் பக்கங்களைக் காட்ட அதையே நம்புகின்றன. ஸ்டோரையும் விட்டுவைக்கிறேன், ஏனெனில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் பயன்படுத்தும் வாட்ஸ்அப் செயலி அதன் வழியேதான் வருகிறது. விண்டோஸின் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரை நீக்கித் தரும்படி கேட்பவர்களுக்கு மறுத்துவிடுகிறேன்.

மடிக்கணினிகளில் பிரீசெட்டின் பெரிய பலன் டிரைவர் சேர்க்கையில் கிடைக்கிறது. இன்டெல் 11-ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் வி.எம்.டி. (இன்டெலின் சேமிப்பகக் கட்டுப்பாட்டு வசதி) இயக்கத்தில் இருப்பதால், நிறுவலின்போது எஸ்.எஸ்.டி.யே பட்டியலில் தெரியாது. வி.எம்.டி. டிரைவரை இன்ஸ்டால் விம்முடன் பூட் விம்மிலும் சேர்க்க வேண்டும்; நிறுவல் திரை பூட் விம்மிலிருந்துதான் ஓடுகிறது. அதேபோல் இங்கு விற்கும் மடிக்கணினிகள் பலவற்றில் ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் உரிமமே பயோஸில் பதிந்திருக்கிறது. அளவு குறையுமென்று ப்ரோவை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எடிஷன்களை நீக்கிவிட்டால், அந்த உரிமத்துக்குப் பொருந்திய எடிஷன் பென் டிரைவில் இல்லாமல் போய்விடும். விம் கோப்பில் பொதுவான கோப்புகள் ஒரு முறைதான் சேமிக்கப்படுகின்றன என்பதால், எடிஷன்களை நீக்குவதால் மிச்சமாகும் இடமும் மிகக் குறைவே.

வேகத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். 4 ஜி.பி. ரேம் உள்ள பழைய கணினியில் மெலிந்த இமேஜின் வேறுபாடு தெரிகிறது. 8 ஜி.பி. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் அதை உணர்வது கடினம். ஹார்டு டிஸ்க்கை மாற்றாமல் பிரீசெட்டை மட்டும் கூர்மையாக்குவதில் பயனில்லை. ஆனால் 120 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யில், சுமார் 7 ஜி.பி.யை விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொள்ளும் ரிசர்வ்டு ஸ்டோரேஜை நிறுத்துவதும், ஹைபர்னேஷன் கோப்பை (கணினியை அணைக்கும்போது நினைவகத்தை வட்டில் சேமித்து வைப்பது) நிறுத்துவதும் உடனே பலன் தரும். இவை எதையும் நீக்காமலே செய்யத்தக்கவை. டி.பி.எம். (பாதுகாப்புச் சிப்) சோதனையைத் தவிர்க்கும் வழியைப் பிரீசெட்டில் வைக்கலாம் என்றாலும், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்குத் தேவையான எஸ்.எஸ்.இ.4.2 பிராசஸர் கட்டளைகள் இல்லாத கோர் 2 டுவோ கணினிகளில் அந்தப் பதிப்பு தொடங்கவே தொடங்காது. எந்தப் பிரீசெட்டாலும் அதை மாற்ற முடியாது.

மாதாந்தர அப்டேட்டுகளில்தான் பிரீசெட்டின் தரம் தெரியவரும். குறைவாக நீக்கிய இமேஜ்கள் ஆண்டுக்கணக்கில் அப்டேட் ஏற்றுக்கொண்டு ஓடுகின்றன. நீக்கியவற்றில் சில திரும்பி வருவதுண்டு, அதனால் தீங்கில்லை. ஆழமாக வெட்டியவற்றில் 0எக்ஸ்800எஃப்081எஃப் பிழை வந்து நிற்கும். தேவையான மூலக் கோப்பு கிடங்கில் இல்லை என்பது அதன் பொருள். 22எச்2-க்கு எழுதிய பிரீசெட்டை 24எச்2-இல் அப்படியே ஏற்றினால், புதிதாக வந்த கம்போனென்ட்டுகள் அதில் குறிப்பிடப்படாததால் தங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு பெரும் பதிப்புக்கும் பட்டியலைப் புதிதாகப் படித்து, முதலில் விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் மற்றொரு கணினியில்) நிறுவி, பிறகு உண்மையான பிரிண்டரும் டோக்கனும் உள்ள ஒரு கணினியில் சோதித்த பின்பே மற்றவற்றுக்குப் போகிறேன். விர்ச்சுவல் மெஷினில் மட்டும் பார்த்து முடித்துவிடுவது போதாது.

தானியங்கி நிறுவலுக்கான விடைக் கோப்பில் பயனர் கடவுச்சொல்லை எழுதி வைத்தால், பென் டிரைவைக் கையில் எடுக்கும் எவரும் அதைப் படித்துவிடலாம். எனவே அங்கே தற்காலிகக் கடவுச்சொல்லை வைத்து, ஒப்படைக்கும்போது மாற்றுவது அவசியம். என்டிலைட்டின் இலவச வகை தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டுமே உரியது என்பதால், தொழில்முறையில் செய்பவர்கள் உரிமம் வாங்கியே பயன்படுத்த வேண்டும். பிரீசெட் கோப்பின் பெயரில் விண்டோஸ் பதிப்பையும் மேசையின் வேலையையும் சேர்த்து, கணக்கர், மெர்ச்சண்டைசர், கட்டிங் எனத் தனித்தனியாக வைத்திருக்கிறேன். அவை ஒவ்வொன்றுடனும் மாற்றம் செய்யப்படாத மூல ஐ.எஸ்.ஓ.வும் அதே கோப்புறையில் இருக்கிறது.